காது கிழிஞ்சாத்தான் ராக்கா?

1/
“மூணு நாள் காதுல ஙொய்ய்னு கேட்டுச்சு டாக்டர்... அப்படி ஒரு ஷோ!”

ராக் கச்சேரிக்குப் போய் வந்தவங்க இதைப் பதக்கம் மாதிரி சொல்றாங்க. காது மருத்துவரா எனக்கு அது காயமாத்தான் தெரியுது.

கொஞ்சம் நீளமான இழை. ராக் கேட்காதவங்களும் படிங்க. கோயில் திருவிழா ஸ்பீக்கருக்கும் கல்யாண டிஜேவுக்கும் இதே கணக்குதான்.

2/
“இந்த டாக்டருக்கு ராக் பத்தி என்ன தெரியும்?”னு ஆரம்பிக்காதீங்க.

2003 ஏப்ரல்ல ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூருக்கு வந்தப்போ சென்னையிலிருந்து ரயிலேறிப் போனவன் நான். 2007 மார்ச்ல பேலஸ் மைதானத்துல அயர்ன் மெய்டன் பார்த்தவன். ரெண்டு தடவையும் என் காதுல இயர்ப்ளக் இருந்தது.

“காதை அடைச்சுக்கிட்டு எதுக்குடா கச்சேரி?”னு கூட வந்தவங்க சிரிச்சாங்க.

3/
எதுக்குன்னு சொல்றேன்.

ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸுக்கு ஒரு பழக்கம். ஸ்னேர்ல அடிக்கிற நேரத்துல ஹை-ஹாட்டை அடிக்காம விட்டுடுவார். அந்தச் சின்ன இடைவெளிதான் அவங்க தாளத்துக்கு ஒரு நடையைக் கொடுக்கும். எனக்கு அது கேட்டது. மெய்டன்ல டேவ் மர்ரே, ஏட்ரியன் ஸ்மித், ஜானிக் கெர்ஸ் மூணு பேரோட கிதாரும் தனித்தனியா கேட்டது.

ஒரு அளவுக்கு மேல சத்தம் போனா காதே எல்லாத்தையும் குழப்பி இரைச்சலாக்கிடும். நெஞ்சுல வந்து இடிக்குமே அந்த பாஸ், அதை உடம்பே உணரும். இயர்ப்ளக் அதைப் பறிச்சுடாது.

4/
இப்போ காதுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

உள்காதுல நத்தைக்கூடு மாதிரி இருக்கிற காக்லியாவுல, ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழை செல்கள் இருக்கு. ஒலியை நரம்புச் செய்தியா மாத்துறது அதுங்கதான். பிறக்கும்போது இருக்கிற கையிருப்பு அவ்வளவுதான். மனிதர்களுக்கு அது செத்தா மறுபடி முளைக்காது. அதுக்கு மாத்திரையும் இல்ல, ஆபரேஷனும் இல்ல.

5/
“ரெண்டு நாள்ல சரியாயிடுச்சே டாக்டர்?”

2009-ல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. பலத்த சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழைய நிலைக்கே வந்துவிட்டது. ஆனால் உள்ளே பார்த்தால், மயிரிழை செல்களை நரம்போடு இணைக்கும் முனைகள் பெருமளவு அழிந்திருந்தன.

அதாவது, சரியான மாதிரி தெரியுறதும் சரியாகுறதும் ஒண்ணு இல்ல.

6/
கணக்கு சிம்பிள். 85 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம்.

ராக் ஷோவுல 100 டெசிபல் சாதாரணம். ரெண்டு மணி நேரம் நின்னீங்கன்னா எட்டு நாள் பங்கை ஒரே ராத்திரியில சாப்பிட்ட மாதிரி.

7/
“சத்தம்தான் சார் ராக்கோட உயிர்!” இதுதான் எனக்கு வர்ற பெரிய எதிர்ப்பு. வரலாறு வேற சொல்லுது.

1965-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000-க்கும் மேல் கூட்டம். கூச்சலில் அவங்க வாசிக்கிறது அவங்களுக்கே கேட்கல. அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் அவ்வளவுதான். அதே காலத்துலதான் தி ஹூ கேட்டுக்கிட்டாங்கன்னு ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்தார்.

சின்னக் கருவியை வச்சுப் பெரிய கூட்டத்தைச் சமாளிக்கத்தான் சத்தம் வந்தது. கருவிப் பிரச்சினை எப்பவோ தீர்ந்துடுச்சு. சத்தம் மட்டும் பெருமையா நின்னுபோச்சு.

8/
அந்தப் பெருமையைக் கின்னஸ் புத்தகமே கொஞ்ச காலம் ஏத்திவிட்டது. 1972-ல் லண்டன் ரெயின்போ அரங்கில் டீப் பர்ப்பிள், 117 டெசிபல். 1976 மே 31, சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் தி ஹூ. மேடையை விட்டுத் தள்ளி நின்று அளந்தபோதே 120-க்குக் குறையவில்லை.

பிற்பாடு, ஜனங்க காதைக் கெடுக்கிற போட்டியை ஊக்குவிக்கக் கூடாதுன்னு கின்னஸே அந்தப் பிரிவை மூடிட்டாங்க.

9/
விலை கொடுத்தது யாரு?

தி ஹூவின் பீட் டவுன்ஷெண்டுக்குச் செவித்திறன் குறைந்தது, காது இரைச்சலும் சேர்ந்தது. 1989 சுற்றுப்பயணத்தில் பெரும்பாலும் அகூஸ்டிக் கிதார்தான் வாசித்தார். ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன், “நிறுத்தாவிட்டால் முழுசாகக் கேட்காமல் போய்விடும்” என்ற மருத்துவ எச்சரிக்கையால் 2016-ல் பாதிப் பயணத்தில் விலகினார்.

டவுன்ஷெண்ட் ஸ்டுடியோ ஹெட்ஃபோனைக் குறை சொன்னார். ஜான்சன் கார் பந்தயத்தையும் சொன்னார். இருக்கலாம். ஆனா காது அதுக்குத் தனி, இதுக்குத் தனின்னு கணக்கு வைக்கிறதில்ல. எல்லாம் ஒரே கணக்குதான்.

10/
எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்.

இன்னிக்குப் பெரிய குழுக்கள்ல பலர் காதுக்கே அளவெடுத்த இன்-இயர் மானிட்டர் போட்டுத்தான் மேடை ஏறுறாங்க. சவுண்ட் இன்ஜினியர் ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி உட்கார்றார். ஸ்பீக்கர் வாயிலேயே, எதுவும் இல்லாம நிக்கிறது யாரு? காசு கொடுத்து டிக்கெட் வாங்கின நீங்க.

நம்ம நாட்டின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் இடத்தின் எல்லையில்தான் அளக்கச் சொல்கின்றன. பக்கத்துத் தெருக்காரர் தூக்கத்துக்கு அது பாதுகாப்பு. அவசியம்தான். உள்ள நிக்கிற இருபது வயசுப் பையன் காதுக்கு?

11/
உலக சுகாதார நிறுவனம் 2022-லேயே சொல்லிவிட்டது: 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. நேரலையில் அளக்க வேண்டும். இயர்ப்ளக் கொடுக்க வேண்டும். காது ஓய்வெடுக்க அமைதியான இடம் வேண்டும்.

நுழைவாயில்ல தண்ணி பாட்டிலைப் பிடுங்கிப் போட ஆள் இருக்கு. ஒரு ஜோடி நுரை இயர்ப்ளக் கொடுக்க ஆள் இல்லையா? டிக்கெட் விலையில அது எந்த மூலைக்கு?

12/
அவங்க கொடுக்கிற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது:

• இயர்ப்ளக் வாங்குங்க. இசை பிடிச்சவங்க, ஒலியைச் சீரா குறைக்கிற வகையைக் கேட்டு வாங்குங்க. பஞ்சு உதவாது.
• ஸ்பீக்கர் பக்கத்துல நிக்காதீங்க.
• நடுநடுவுல வெளிய வந்து காதுக்கு ஓய்வு கொடுங்க.
• மறுநாளும் காது அடைச்ச மாதிரியோ இரைச்சலாவோ இருந்தா, அன்னிக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. “தானா போயிடும்”னு வாரக்கணக்கா காத்திருக்காதீங்க.

13/
சத்தத்தால கெடும்போது முதல்ல போறது உச்ச ஸ்தாயி. சிம்பலோட சிணுங்கல், கிதார் நரம்புல விரல் உரசுற சத்தம், அப்புறம் ‘ச’, ‘ஸ’. “பேசுறது கேக்குது டாக்டர், ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை”னு முப்பது வயசுல வந்து உட்கார்றவங்களை நான் பார்க்கிறேன். அவங்கள்ல பலர் என்னைவிடப் பெரிய இசைப் பைத்தியங்கள். பிடிச்ச ஆல்பத்தைப் போட்டா பாதி காணோம்னு சொல்றாங்க.

அவங்களுக்கு நான் தர முடிஞ்சது ஹியரிங் எய்டும் ஆறுதலும்தான்.

அடுத்த ஷோவுக்கு டிக்கெட் எடுக்கும்போதே இயர்ப்ளக்கும் எடுத்துடுங்க. யாராவது சிரிச்சா இந்த இழையை அனுப்புங்க.