நடுவர் மாறினர்; அளவுகோல் மாறிற்றா?

ஓர் இனத்தின் செவி எவர் கையில் உள்ளதோ, அவ்வினத்தின் நாவும் நாளடைவில் அவர் கைப்பட்டுவிடும். முன்னாளில் தமிழர்தம் செவியைக் கோயிலும் கூத்துக்களமும் வயல்வெளியும் வளர்த்தன. இந்நாளில் அப்பொறுப்பைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. அதனுள்ளும், தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஒருங்கமர்ந்து காண்பவை பாட்டுப் போட்டிகளே. ஆகலின், அப்போட்டிகளின் நடுவர் இருக்கையில் அமர்வார் யாவர், அவர் எதனை அளக்கின்றார் என்னும் வினா வெறும் பொழுதுபோக்கைச் சார்ந்த வினா அன்று. மொழியின் வாழ்வைச் சார்ந்த வினா.

பாடுவோரை மேடையேற்றி, நடுவர் கருத்துரைக்க, பார்ப்போர் வாக்களிக்கும் இவ்வமைப்பு தமிழ்மண்ணில் முளைத்ததன்று. பிரித்தானியாவில் 2001-இலும், அமெரிக்காவில் 2002-இலும், இந்தியில் 2004-இலும் 'ஐடல்' என்னும் பெயர் தாங்கிய போட்டிகள் தோன்றின. 2006-இல் விசய் தொலைக்காட்சி 'சூப்பர் சிங்கர்' தொடங்கிற்று. 2017 முதல் சீ தமிழ்த் தொலைக்காட்சி 'சரிகமப' நடத்தி வருகின்றது. அமைப்பு வெளியினின்று வந்ததில் குற்றமில்லை. நல்லது எங்கிருந்து வரினும் கொள்ளலாம். ஆனால் பெயர்களைக் காண்க! ஒன்று முழு ஆங்கிலம். மற்றொன்று வடமொழிச் சுரப்பெயர்களின் முதலெழுத்துக் கோவை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்கும் தன் மொழியிலேயே பெயர் வைத்திருந்த இனத்தின் பிள்ளைகள், அப்பெயர்களுள் ஒன்றையேனும் அறியாமல் அவ்விசையைப் பாடிப் பரிசு பெறுகின்றனர்.

2006 தொட்டு நடுவர் இருக்கைகளில் அமர்ந்து எழுந்தோர் பலர். 'சூப்பர் சிங்கர்' போட்டியின் தொடக்கக் காலத்தில் உன்னிகிருட்டிணன், சுசாதா, சீனிவாசு ஆகியோர் அமர்ந்தனர். சிறுவர் போட்டியில் சித்திரா, மனோ, மால்குடி சுபா ஆகியோர் தீர்ப்புரைத்தனர். 2018-இல் நிறைவுற்ற ஆறாம் பருவத்தில் அனுராதா சிரீராம், உன்னிகிருட்டிணன், சுவேதா மோகன், பென்னி தயாள் ஆகியோர் இருந்தனர். அனைவரும் தத்தம் துறையில் தேர்ந்தவர். அவர்தம் இசைத்திறத்தைக் குறைகூறுதல் அறமன்று. பருவந்தோறும் 'இம்முறை நடுவர் யாவர்?' என்னும் பேச்சு வீடுதோறும் எழுகின்றது. ஒருவர் நீங்கினாரென வருந்துவாரும், ஒருவர் வந்தாரென மகிழ்வாரும் உளர். ஆயின், நீங்கினவரும் வந்தவரும் பெரும்பாலும் ஒரே வயலில் விளைந்தவர். திரைப்படப் பின்னணிப் பாடகர். நாட்டுப்புறப் பாடகர் ஓரோவழி வந்ததுண்டு. தமிழ்ப் புலவரோ ஓதுவாரோ அக்குழுவின் இன்றியமையா உறுப்பாக வைக்கப்பெறவில்லை. ஆள் மாறிற்று, அளவுகோல் மாறவில்லை.

அவ்வளவுகோல் எதனை அளக்கின்றது? சுதி சேர்ந்ததா, தாளம் தப்பிற்றா, திரையில் பாடியவரின் குரலை ஒத்ததா என்பவற்றை அளக்கின்றது. இவை வேண்டியனவே. ஆனால் பாட்டென்பது இசையும் சொல்லும் கூடியது. சொல் சிதைந்தபின் எஞ்சுவது கருவியொலியே; பாட்டன்று. 'வழி' என்பது 'வலி' ஆனால் செல்லும் நெறி நோவாகின்றது; 'வளி' ஆனால் காற்றாகின்றது. 'அறம்' என்பது 'அரம்' ஆனால் நல்லொழுக்கம் கொல்லன் கருவியாகின்றது. 'மனம்' என்பது 'மணம்' ஆனால் நெஞ்சம் நறுமணமாகின்றது. இப்பிழைகளுக்கு எத்தனை மதிப்பெண் குறைக்கப்பெறுகின்றது?

நுனிநாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவுங்கால் ழகரம் பிறக்குமென்றும், நாவின் ஓரம் தடித்துப் பல்லினடியைப் பொருந்த, அண்ணத்தை ஒற்றுங்கால் லகரமும், வருடுங்கால் ளகரமும் பிறக்குமென்றும் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துக் காட்டிற்று. ஒலிப்பை இத்துணை நுணுக்கமாக ஆய்ந்த மொழியில் பாடும் போட்டிக்கு, ஒலிப்பை ஆயும் நடுவர் ஒருவர் வேண்டுமென எவர்க்கும் தோன்றாதது வியப்பே! தீர்ப்புரையேனும் தமிழில் உண்டா? 'பிட்ச்' என்பர், 'பீல்' என்பர், 'எக்சலண்ட்' என்பர். சுதி என்றும், மெய்ப்பாடு என்றும், மிக நன்று என்றும் சொன்னால் இசை குறைந்துவிடுமோ?

'நடுவருள் பலர் பிறமொழியில் பிறந்தவர். அவரிடம் இதனை எதிர்பார்க்கலாமா?' என்பார் உளர். பிறப்பு இங்கு வழக்கன்று, பயிற்சியே வழக்கு. 1922-இல் மதுரையில் சௌராட்டிரக் குடும்பத்தில் பிறந்த டி.எம். சௌந்தரராசன் ஒலித்த தமிழைப்போல் திருத்தமாக ஒலிக்க, தமிழ்க் குடியில் பிறந்தார் பலர்க்கும் நா எழாது. ஆந்திரத்தில் பிறந்த சுசீலாவின் பாட்டில் ஒவ்வோர் எழுத்தும் தனித்து ஒளிரும். மாறாக, தமிழையே தாய்மொழியாகக் கொண்டும் ழகரத்தை விழுங்கும் பாடகர் இன்று எத்தனை பேர்! குற்றம் குருதியில் இல்லை. கேட்பார் இல்லாமையில் உள்ளது.

இதனால் விளையும் கேடு மேடையோடு நில்லாது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் 'சரிகமப' சிறுவர் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி முதலிடம் பெற்றாள். ஈழத் தமிழர் அதனைத் தம் வீட்டு விழாவாகக் கொண்டாடினர். புலம்பெயர்ந்த நாடுகளினின்றும் பிள்ளைகள் இம்மேடைகளுக்கு வந்து பாடியுள்ளனர். பள்ளியில் தமிழ் கிடைக்காத அப்பிள்ளைகளுக்குப் பாட்டே பாடநூல், நடுவரே ஆசிரியர். அவ்வாசிரியர் பிழையைச் சுட்டாமல் கைதட்டுவாராயின், அப்பிழையே இலக்கணமென அவர் நெஞ்சில் பதியும். ஒரு வகுப்பறையின் பிழை நாற்பது பிள்ளைகளோடு அடங்கும். இவ்வரங்கின் பிழை கடல்கடந்தும் பரவும்.

இதற்குத் தீர்வு தேடித் தமிழர் எங்கும் செல்லவேண்டுவதில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் திறந்தாலே போதும். ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறிய மாதவிக்குத் துணைநின்றோர் யாவர்? ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் ஆகியோர் நடுவே தமிழை முற்றக் கற்ற புலவன் ஒருவனையும் இளங்கோவடிகள் அமர்த்தினார். இசையாசானுக்கும் மொழியறிவு வேண்டுமென வகுத்தார். அத்தகைய அரங்கில் தேறியமையாற்றான் அவள் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அன்றைய அரங்கில் புலவனுக்கு இடம் இருந்தது. இன்றைய அரங்கில் விளம்பரம் தருவோர்க்கு இருக்கும் இடம் புலவனுக்கு இல்லை.

மக்கள் இதனை ஏலார் என்பதும் பொய். 2018-இல் ஆறாம் பருவத்தின் வெற்றியை மக்கள் வாக்கு எவர்க்கு ஈந்தது? மண்ணின் பாட்டைப் பாடிய நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேசர்க்கு! திரையிசையின் கோட்டைக்குள் நாட்டுப்பாட்டு நுழைந்து வென்றது. தமிழர்தம் செவி இன்னும் மரத்துப்போகவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1917-இல் ஆபிரகாம் பண்டிதர் தம் பொருளைச் செலவிட்டுக் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். 1943-இல் அண்ணாமலை அரசரின் முயற்சியால் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. 1947-இல் விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' வெளிவந்தது. தமிழ் மேடையில் தமிழ்ப்பாட்டு ஒலிக்கவே அன்று போராட வேண்டியிருந்தது. இன்று பாட்டு தமிழில்தான் ஒலிக்கின்றது. அத்தமிழ் தமிழாக ஒலிக்கின்றதா என்பதே இற்றைப் போராட்டம்.

ஆகவே, தொலைக்காட்சி நிறுவனங்களிடம் தமிழர் கேட்க வேண்டுவன மிகையல்ல. நடுவர் குழுவில் ஒரு தமிழ்ப் புலவர்க்கு நிலையான இருக்கை வேண்டும். ஒலிப்புக்கெனத் தனி மதிப்பெண் வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் பண்ணிசைக்கு ஒரு சுற்றும் நாட்டுப்பாட்டுக்கு ஒரு சுற்றும் வேண்டும். அவற்றுக்கு ஓதுவாரும் நாட்டுப்புறக் கலைஞரும் நடுவராதல் வேண்டும். தீர்ப்பு தமிழில் உரைக்கப்பெறல் வேண்டும். இந்நான்கும் நிறுவனத்தார்க்குப் பெருஞ்செலவு வைப்பன அல்ல. மனம் ஒன்றே வேண்டும்.

அம்மனம் தானாக வாராது, கேட்டால் வரும். பார்ப்போர் இலரேல் அப்போட்டி இல்லை. ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள் தனித்தனியே மடல் எழுதுக! பெற்றோர், பிள்ளை பாடிமுடித்தவுடன் கைதட்டுமுன் அதன் ழகரத்தைக் கேட்க! நடுவர் திருத்தும் நாள் வரும்வரை, ஒவ்வொரு தமிழ் வீடும் நடுவர் மன்றம் ஆகுக!