குழந்தையும் கணிப்பொறியும்

எங்கள் தெருவில் இன்றும் சில வீடுகளில் தறியோசை கேட்கிறது. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. தறிக்குழியருகே தவழும் குழந்தையைத் தனியே விடுவார் எவருமில்லை. அதற்காகத் தறியையே அகற்றுவாரும் இல்லை. குழந்தைக்குக் கணிப்பொறி தரும் காரியத்திலும் இதுவே முறை என்பது என் கருத்து.

தறிக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவு புதிதன்று. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில், துளையிட்ட அட்டைகளால் பாவிழைகளைத் தூக்கும் பொறியை அமைத்தார். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்குக் கட்டளையிட அவ்வட்டை முறையையே எடுத்துக்கொண்டார். நம் ஊர்த் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டுப் பெட்டி, கணிப்பொறியின் முன்னோருள் ஒன்று எனலாம்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எங்களைப் போன்ற பல வீடுகளில் முதன்முதலாகக் கணிப்பொறி நுழைந்தது. அக்காவுக்குக் கிடைத்தது என்னிடம் வந்தது. இப்போது சித்தப்பாவின் எட்டு வயது மகளும் அதைக் கேட்கிறாள். கல்லூரியில் படிப்பவன் என்பதால் பொறுப்பு என்மேல் விழுந்தது.

நான் முதலில் செய்தது தவறு. என் கணக்கிலேயே திறந்து கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு வந்துவிட்டேன். காணத்தகாத எதையோ கண்டு அவள் அஞ்சினாள். மாலையில் அதையறிந்த நான் அவளை அதட்டினேன். அதன்பின் என் காலடியோசை கேட்டாலே பொறியை மூடலானாள். அந்த மறைப்புதான் என்னைச் சுட்டது.

பிறகு முறையைக் கற்றேன். புதிதாக எதையும் நிறுவ இயலாத தனிக் கணக்கு ஒன்றைக் குழந்தைக்குத் தரவேண்டும். கடவுச்சொல் பெரியவரிடம் இருக்கவேண்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. எனவே எங்கள் பழைய பொறியில் லினக்ஸ் ஏற்றினேன். இரண்டு முதல் பத்து வயதினருக்கான ஜிகாம்ப்ரி, படம் வரைய டக்ஸ் பெயின்ட் ஆகிய இரண்டும் இலவசம், இணையமின்றியே இயங்கும். இணையம் தேவைப்படும் நேரத்திற்கு, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3 என்னும் டிஎன்எஸ் முகவரியை இட்டால் ஆபாசத் தளங்கள் பெரும்பாலும் தடுக்கப்படும். அதற்கும் கட்டணமில்லை.

ஆயினும் பூட்டு மட்டும் போதாது. பொறியைக் கூடத்தில், தறிக்கு எதிரே வைத்தேன். என் தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பாவில் ஓரிழை அறுந்தாலும் கண்டுகொள்ளும் அந்தக் கண், குழந்தையின் முகம் மாறினால் அறியாதா? “எதைக் கண்டு பயந்தாலும் சொல், திட்டமாட்டேன்” என்று தங்கையிடம் வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பதுதான் கடினமான பகுதி.

சிறுவருக்குக் கணிப்பொறியே வேண்டாம் என்பார் உளர். வசதியுள்ள வீட்டுக் குழந்தை எப்படியும் கற்றுக்கொள்ளும். பின்தங்குவது நம் வீட்டுக் குழந்தையே அன்றோ!

நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நமக்கு இவற்றைச் சொல்லித்தர வீட்டில் ஒருவரும் இருந்ததில்லை. நம் தம்பி தங்கையருக்கு நாம் இருக்கிறோம். வரும் விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குவோம்.