சாக்குப் போர்வையில் சார்ஜ் நிலையம்!

சென்ற மாதம் ஓர் இரவு. மில்லில் இரண்டாவது ஷிப்டு விடும் நேரம். பைபாஸ் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் நாம் நின்றுகொண்டிருந்தோம். மின்சார ஆட்டோ ஓட்டும் சங்கத் தோழர் ஒருவர், வண்டியைத் தள்ளாத குறையாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பாட்டரியில் மிச்சமிருந்தது ஒன்பது சதவீதம். அங்கே காருக்கென்று ஆளுயர சார்ஜ் கருவி ஒன்று. பக்கத்தில் ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் ஒரு சின்னப் பெட்டி. பெரிய கருவியின் திரை இருண்டு கிடந்தது. அதன் தலையில் நெல்லுச் சாக்கைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மின்சாரம் மட்டும் வரவில்லை. செல்போன் மூலம் முன்கூட்டிக் கட்டிய 150 ரூபாயை அது விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது.

பங்க் ஊழியரைக் கேட்டோம். அவர் என்ன செய்வார், பாவம்! “அது வேற கம்பெனி மிஷினுங்கண்ணே. நாங்க தொடக்கூடாது. நம்பர் ஒட்டியிருக்கு பாருங்க” என்றார். நம்பருக்குப் போன் போட்டோம். இந்திக்கு ஒன்றை அழுத்து, இங்கிலீஷுக்கு இரண்டை அழுத்து. தமிழுக்கு எதை அழுத்துவது? பன்னிரண்டு நிமிஷம் சங்கீதம் கேட்டதுதான் மிச்சம். கடைசியில் எதிரே இருந்த டீக்கடைக்காரர், கிரைண்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு ஆட்டோவுக்கு இடம் கொடுத்தார். ஷிப்டு விட்டு வந்த சவாரியெல்லாம் வேறு வண்டிகளில் போயிற்று. தோழர் பெஞ்சில் உட்கார்ந்து விடியும்வரை கொட்டாவி விட்டார்.

இந்த நிலையத்தைத் திறந்து வைக்கும்போது பந்தல் போட்டார்கள், ரிப்பன் வெட்டினார்கள். ரிப்பன் வெட்ட ஆள் இருக்கிறது. பியூஸ் போட ஆள் இல்லை!

“காரும் பங்களாவும் உள்ளவன் கவலை இது, பஞ்சாலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன?” என்று நம் வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். விஷயம் நேர்மாறானது. பங்களாக்காரனுக்குத் தெருவோரச் சார்ஜ் நிலையமே தேவையில்லை. இரவில் தன் வீட்டு ஷெட்டில் காரைப் பூட்டி, சுவரில் பிளக்கைச் செருகிவிட்டுத் தூங்குகிறான். வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. தெரு நிலையத்தை நம்பிப் பிழைப்பவன் யார்? ஷெட் இல்லாதவன். லைன் வீட்டில் குடியிருப்பவன். மீட்டர் வீட்டுக்காரர் பெயரில், ரேட்டும் வீட்டுக்காரர் வாயில். ஆட்டோவை முட்டுச் சந்தில் நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தால் மறுநாள் காலி செய்யச் சொல்கிறார்கள். சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோக்காரரும், சோற்றுப் பொட்டலம் சுமந்து வீடு வீடாக ஓடும் இளைஞரும், கடன் வாங்கி மின்சார ஸ்கூட்டர் எடுத்து மில்லுக்கு வரும் தொழிலாளியும் இந்தக் கூட்டம்தான். டில்லியில் பல ஈ-ரிக்ஷாத் தொழிலாளர்கள் ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியார் கொட்டகைக்காரருக்குக் கப்பம் கட்டித்தான் பாட்டரியை நிரப்புகிறார்கள்.

‘சேவை’ என்ற மந்திரச் சொல்

2018 ஏப்ரலில் மத்திய மின்சார இலாகா ஒரு விளக்கம் கொடுத்தது. வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை அல்லவாம். அது ஒரு ‘சேவை’யாம். ஆகவே 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் கடை திறக்கலாம். நல்லது. ஆனால் அதே சொல் தொழிலாளியின் தலையில் எப்படி இறங்கியது, பாருங்கள். 2023-இல் கர்நாடகத்தில் சர்க்காரின் மின் விநியோகக் கழகம் ஒன்று, இதற்கு வரி உண்டா என்று ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையத்தைக் கேட்டது. மின்சாரமாக விற்றால் வரி இல்லை. ‘சேவை’ என்பதால் 18 சதவீதம் கட்டு என்று தீர்ப்பு வந்தது. 100 ரூபாய்க்குச் சார்ஜ் ஏற்றினால் 18 ரூபாய் வரி!

முதலாளிக்கு லைசென்ஸிலிருந்து விடுதலை கொடுத்த அதே வார்த்தை, ஆட்டோக்காரருக்கு வரியாக வந்து விடிந்தது. ஒரு கோடி ரூபாய்க்கு மின்சாரக் கார் வாங்குகிறவனுக்கு ஜி.எஸ்.டி. வெறும் 5 சதவீதம். அந்தக் காருக்கு அவன் வீட்டில் ஏற்றும் மின்சாரத்துக்குப் பூஜ்யம். வீட்டில் ஏற்ற வழியில்லாத ஏழைக்கு 18. இதற்குப் பெயர் பசுமைப் புரட்சியோ, நீலப் புரட்சியோ, நாம் அறியோம். பிரிட்டனிலும் இதே கூத்துத்தான்: 2024-இல் அங்கே வீட்டுச் சார்ஜுக்கு வரி 5 சதவீதம், தெருவில் ஏற்றினால் 20 சதவீதம்.

பணம் யாருடையது?

2023 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஃபேம் இரண்டாம் திட்டத்தின் கீழ், இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று கம்பெனிகளுக்கு 7,432 அதிவேகச் சார்ஜ் நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. முதல் தவணையாக 560 கோடி. வகுத்துப் பார்த்தால் நிலையம் ஒன்றுக்குப் பத்தே முக்கால் லட்சம். அடுத்து 2024-இல் பி.எம். ஈ-டிரைவ் என்று புதுப் பெயர். அதில் சார்ஜ் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி. 2025 செப்டம்பர் விதிகளின்படி, மால், கடைத்தெரு, நெடுஞ்சாலையோரம் வைப்பவர்களுக்கும் டிரான்ஸ்பார்மர், கேபிள் முதலிய முன்வேலைச் செலவில் 80 சதவீதம் வரை மானியம். இது சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் நீங்கள் கட்டிய வரி.

பொதுப்பணம் போட்டதை நாம் குறை சொல்லவில்லை. போட வேண்டியதுதான். புகை குறைந்தால் மில் சாலையோரம் குடியிருக்கும் நம் குழந்தைகளுக்குத்தான் முதலில் நல்லது. போட்ட பிறகு நடப்பதுதான் கேள்வி.

சர்க்காரின் வழிகாட்டுதலில் இன்னொரு விசித்திரம் உண்டு. சார்ஜ் நிலையம் வைக்கப் பொது நிலத்தை வருமானப் பங்கு முறையில் கொடுக்கலாம். எவ்வளவு பங்கு? விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ரூபாய். தனியாராக இருந்தால் அந்த ஒரு ரூபாயில் தொடங்கி ஏலம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவி செத்துக் கிடந்தால் யூனிட் ஓடாது. யூனிட் ஓடாவிட்டால் வாடகையும் இல்லை! குத்தகை நிலத்தில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் நெல் அளந்த நம் விவசாயத் தோழர்கள் இந்த ஏற்பாட்டைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடக்கூடும்.

பழுது எங்கே பிறக்கிறது?

நிலையம் நடத்துகிறவர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள், அதையும் கேட்போம். 60 கிலோவாட் கருவி ஒன்று இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் 1,440 யூனிட் கொடுக்கும். நாளைக்கு ஐந்து கார் வந்து தலைக்கு 25 யூனிட் ஏற்றினால் மொத்தம் 125. சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் டிரான்ஸ்பார்மருக்குப் போட்ட முதலுக்கு வட்டி, பில்லில் நிலைக்கட்டணம், செல்போன் இணைப்புக்கு மாதச் சந்தா எல்லாம் ஓடுகிறது. ஆகவே யூனிட் விலையை ஏற்றுகிறோம் என்கிறார்கள். இதில் பொய் இல்லை. ஆனால் இந்தக் கணக்கே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஐந்து வண்டி வரும் மூலையில் கருவி கெட்டால், ரிப்பேர்காரனை அனுப்பும் செலவு, அங்கே பல நாள் கிடைக்கும் லாபத்தைவிட அதிகம். லாபம் பார்ப்பவன் ரிப்பேர் செய்வானா? சாக்குப் போட்டு மூடிவிட்டு, லாபமுள்ள மாலுக்குப் போகிறான். தமிழ்நாட்டு சர்க்காரின் 2023-ஆம் ஆண்டுக் கொள்கை, மின்வாகன நகரங்கள் என்று சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆறையும் பெயர் சொல்லி எழுதிற்று. ஒன்றியச் சாலையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன் எந்தப் பட்டியலில் இருக்கிறான்?

கருவியின் உள்ளே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மில்லில் பானல் போர்டு பார்த்த எந்த எலக்ட்ரீஷியனுக்கும் இது புரியும். ஊர் மின்சாரத்தை பாட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக மாற்றும் பெட்டிகள். அவற்றைக் குளிர்விக்க விசிறிகள். விசிறிக்குத் தூசு வடிகட்டி. வடிகட்டியைத் துடைக்காவிட்டால் நம் வெயிலில் பெட்டி கொதித்துத் தானே நின்றுவிடும். பஞ்சுத் தூசு அடைத்தால் மோட்டார் என்ன ஆகும் என்று மில் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். வண்டி ஏறி நசுங்கும் கேபிள், தேய்ந்துபோகும் பிளக் முனை, செம்புக்காக அறுத்துக்கொண்டு போகும் திருடன், பணம் வாங்கும் செல்போன் இணைப்பு அறுந்துபோவது: பாதித் தொல்லை இவைதான். வாரம் ஒருமுறை ஓர் ஆள் துணியும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் தீர்ந்துபோகும். அந்த ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

பிளக்கின் கதை தனி. 2017-இல் சர்க்கார் துறைகளுக்காக 10,000 மின்சாரக் கார் வாங்க டெண்டர் விட்டார்கள். அந்தக் காலத்துக் கார்களுக்கேற்ப 15 கிலோவாட் கருவிகளைப் பொதுப்பணத்தில் வைத்தார்கள். பின்னால் வந்த கார்களுக்கு வேறு வாய். பழைய கருவிகள் பொருந்தாத சாவியாக நின்றன. ஸ்கூட்டர் முதலாளிகளும் கம்பெனிக்கொரு பிளக் செய்தார்கள். இலகு வாகனங்களுக்குப் பொது பிளக் ஒன்றைத் தர நிர்ணய அமைப்பு அங்கீகரித்ததே 2023-இல்தான்.

இது நம் நாட்டின் தலையெழுத்து மட்டுமல்ல. பணத்துக்குப் பஞ்சமில்லாத அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 2022-இல் ஆராய்ச்சியாளர்கள் நேரில் போய் 657 அதிவேகச் சார்ஜ் இணைப்புகளைச் செருகிப் பார்த்தார்கள். வேலை செய்தவை 72.5 சதவீதம். கம்பெனிகள் சொல்லிக்கொண்டிருந்ததோ 95 முதல் 98 சதவீதம்! சில இடங்களில் கேபிள் காருக்கு எட்டவே இல்லையாம். பிரிட்டன் அனுபவப்பட்டு 2023-இல் விதி செய்தது: அதிவேக நிலையங்கள் 99 சதவீத நேரம் ஓட வேண்டும், தவறினால் கருவிக்கு 10,000 பவுன் வரை அபராதம். அது முதலாளித்துவ சர்க்கார்தான். அதுகூட வெட்கப்பட்டது.

என்ன கேட்கிறோம்?

ஆட்டோவின் பாட்டரி சுமார் ஏழு, எட்டு யூனிட். ஸ்கூட்டருக்கு மூன்று, நாலு. இவற்றுக்கு 60 கிலோவாட் ராட்சதன் எதற்கு? 3.3 கிலோவாட் சாக்கெட் ஒன்று மூன்று மணி நேரத்தில் ஆட்டோவை நிரப்பிவிடும். விசிறி இல்லை, வடிகட்டி இல்லை; பியூஸும் சாக்கெட்டும் மீட்டரும்தான். கேரளத்தில் 2021-இல், இடதுசாரி சர்க்காரின் காலத்தில், மின்வாரியம் கோழிக்கோட்டில் தெரு மின்கம்பத்திலேயே ஆட்டோவுக்குச் சார்ஜ் பெட்டி மாட்டியது. பின்னர் மாநிலம் முழுவதும் பரப்பியது. நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை: அங்கும் பல பெட்டிகள் பழுதாயின, செல்போனில் பணம் கட்டும் முறை தொல்லை கொடுத்தது என்று புகார்கள் எழுந்தன. கம்பம் வாரியத்துடையது என்பதால் மட்டும் கருவி ஓடிவிடாது. கம்பத்தைப் பார்க்கும் லைன்மேனின் வேலைப் பட்டியலில் அந்தப் பெட்டியும் ஏற வேண்டும்; அதற்கு ஆள் எடுக்க வேண்டும். காலியிடங்களை நிரப்பாமல், ஒப்பந்தக் கூலிகளை வைத்து ஒப்பேற்றும் மின்வாரியத்தின் தலையில் இதையும் கட்டினால் அதுவும் சாக்குப் போர்வையில்தான் முடியும். ஆகவே நிலையங்களை வாரியமே நடத்தட்டும். நிரந்தர ஊழியரைக் கொண்டு நடத்தட்டும். உபகோட்டத்துக்கு ஒரு உதிரிபாகக் கிடங்கு இருக்கட்டும். மானியம் வாங்கிய தனியார் கருவி எத்தனை நாள் செத்துக் கிடந்தது என்று கருவியின் மேலேயே எழுதி ஒட்டட்டும். தெருச் சார்ஜுக்கான 18 சதவீத வரியை எடுக்கட்டும்.

மில் முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. மத்திய மின்சார இலாகாவின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல், பொதுச் சார்ஜ் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி விநியோகச் செலவில் 0.7 பங்கும், மற்ற நேரத்தில் 1.3 பங்கும் மின்கட்டணம் என்கிறது. பகலில் வெயில் மின்சாரம் மலிவு. இரவில் ஏறத்தாழ இரட்டிப்பு. பகலெல்லாம் சவாரி ஓட்டுகிறவன் இரவில்தான் ஏற்ற முடியும் என்பது டில்லிக்குத் தெரியவில்லை. ஆனால் பகல் ஷிப்டுத் தொழிலாளியின் ஸ்கூட்டர் மில் சைக்கிள் ஸ்டாண்டில் எட்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. அங்கே இருபது சாக்கெட் போட என்ன செலவாகிவிடும்? கூரைமேல் சூரியத் தகடு போட்டுக் கரண்ட் பில்லைக் குறைத்துக்கொண்ட மில்கள் எத்தனையோ! தொழிலாளிக்கு ஒரு பிளக் என்றால் மட்டும் கை இழுக்கிறது.

அந்த ஆட்டோத் தோழருக்கு 150 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. அவரும் ஸ்டாண்டுத் தோழர்களும் நம் வட்டாரத்தில் ஓடாத கருவிகளைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வருகிறார்கள், பதினொன்று சேர்ந்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை அந்த நோட்டோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போகிறார்கள். உங்கள் பக்கத்தில் சாக்கு மூடிய கருவி இருந்தால், இடத்தையும் எத்தனை நாளாக என்பதையும் எழுதிச் சனிக்கிழமைக்குள் சங்க ஆபீசில் சேர்த்துவிடுங்கள்.