வெறும் நீராவியா?

மின்சார சிகரெட்டு பிடிக்கும் வாலிபர்களை விசாரித்தால், "இது புகையல்ல, வெறும் நீராவிதான்" என்று சொல்லிவிடுகின்றார்கள். இதற்கு ஆதாரம் என்னவென்றால், விற்றவன் சொன்னான் என்பதுதான். சந்தையில் லேகியம் விற்பவன் பேச்சை நம்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது நமக்கு விளங்கவில்லை.

அந்தக் குழலிலுள்ள திரவத்தில் பெரும்பாகம் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினுமாகும். அவற்றோடு நிக்கோட்டினும் வாசனைச் சரக்குகளும் சேர்க்கப்படுகின்றன. மின்சாரத்தால் காயும் கம்பிச் சுருள் இதை ஆவியாக்க, அந்த ஆவி உடனே குளிர்ந்து கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத துளிகளாகின்றது. அந்தத் துளிக்கூட்டத்துக்குத்தான் நீராவி என்று பெயர் வைத்திருக்கின்றார்கள்.

சட்டியில் எண்ணெய் அளவு மீறிக் காய்ந்தால் கண்ணைக் கரிக்கும் நெடி எழுவதை அடுப்படியில் நின்றவர்கள் அறிவார்கள். அந்த நெடியில் முக்கியமானது அக்ரோலின் என்பது. எண்ணெயிலுள்ள கிளிசரின் பாகம் சிதைந்து அது உண்டாகின்றது. குழலில் காய்வதும் அதே கிளிசரின்தானே! பிரேதத்தைக் கெடாமல் வைக்கும் பார்மலினில் உள்ள பார்மால்டிஹைடும் இத்திரவம் சூட்டில் சிதையும்போது உண்டாகின்றது. சூடு ஏறினாலும் திரி வறண்டாலும் இவை அதிகமாகின்றன. 2015ல் அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்தபோது, பார்மால்டிஹைடை வெளியிடும் பொருள்கள் 3.3 வோல்ட்டில் தென்படவில்லை. 5 வோல்ட்டில் தென்பட்டன. அவ்வளவு சூட்டில் தொண்டை கமறும், யாரும் இழுக்கமாட்டார்கள் என்று சிலர் ஆக்ஷேபணை சொன்னார்கள். அதிலும் நியாயமுண்டு.

நிற்க, இதில் புகையிலை எரிவதில்லையாதலால் சிகரெட்டுப் புகையைவிட விஷப்பொருள்கள் பொதுவாகக் குறைவு என்பதை நாம் மறுக்கவில்லை. குறைவு என்பதை "இல்லை" என்று சொல்லி விற்பதைத்தான் ஆக்ஷேபிக்கின்றோம்.

"எல்லாம் தின்பண்டத்தில் சேர்க்கிற சரக்குதானே" என்பது அடுத்த சமாதானம். தின்பது வயிற்றுக்குப் போகின்றது, இழுப்பது நுரையீரலுக்கல்லவா போகின்றது! வைட்டமின் ஈ அசிடேட் மாத்திரையிலும் தோல்பூச்சிலும் சேர்க்கப்படுவது. அதையே கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்து கள்ளச் சந்தையில் விற்றார்கள். 2019ல் அமெரிக்காவில் கிளம்பிய நுரையீரல் நோய்க்கு இக்கலப்படமே முக்கிய காரணமென்று கண்டார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தோ உயிரிழந்தோ கணக்கில் வந்தார்கள். அதில் மாண்டவர்கள் 68 பேர். நோயாளிகள் 51 பேரின் நுரையீரலைக் கழுவிய நீரைச் சோதித்ததில், 48 பேரிடம் அப்பொருள் இருந்தது.

நம் நாட்டில் 2019 முதல் இந்தக் குழலைச் செய்வதும் விற்பதும் குற்றம். ஆகவே வருவதெல்லாம் திருட்டுச் சரக்கு. சீசாவின் மேல் எழுதியிருப்பதைச் சோதிப்பார் யாருமில்லை. நீராவி என்று சொல்லும் வாலிபர்கள், அதில் தண்ணீர் எத்தனை பங்கு என்றாவது விற்பவனைக் கேட்டுப் பார்க்கட்டும்.