சாலைக்கு அடியில் ஒரு வெற்றுக் குழாய்

தமிழகத்தின் நகரங்களிலும் பேரூர்களிலும் தெருக்களுக்குக் கான்கிரீட் தளம் அமைக்கப்படுகிறது. மறுபுறம், மேல்நிலை மின்கம்பிகளைப் புதைவடங்களாக மாற்றும் பணியும் சென்னை முதலிய இடங்களில் நடைபெறுகிறது. இரண்டும் தேவையான பணிகள்தாம். ஆனால், ஒரு துறை செய்வதை மற்றொரு துறை அறியாமல் செய்வதால், புதிதாகப் போட்ட தளம் சில மாதங்களிலேயே வெட்டப்படுவதைப் பல ஊர்களில் காண்கிறோம்.

புதைவடத்தின் தேவையை விளக்க வேண்டியதில்லை. 2018-இல் கஜா புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர்.

வடத்தை மண்ணில் நேரடியாகப் புதைத்து அதன்மீது கான்கிரீட் இட்டால், பழுது ஏற்படும்போது தளத்தை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. உடைத்த இடத்தை ஒட்டுப்போட்டு மூடினாலும், சரியாக இறுக்கப்படாத மண் பின்னர் அமிழ்ந்து பள்ளமாகிறது. மாறாக, தளம் இடும் முன்பே குழாய்களைப் பதித்து, குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு குழி அமைத்தால், பழுதான வடத்தை உருவி எடுத்துப் புதியதைச் செலுத்திவிடலாம். குழாய்க்குள் ஓர் இழுகயிறு, சேறும் எலியும் புகாதபடி மூடிய முனைகள், கூர்மையற்ற வளைவுகள், எதிர்காலத்துக்கென ஒரு கூடுதல் குழாய் ஆகியவையே தேவை. குழாய்க்குள் வெப்பம் எளிதில் வெளியேறாது என்பதால் சற்றுப் பெரிய வடம் வேண்டியிருக்கலாம். அந்தச் செலவையும் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவு எளிய ஏற்பாடு ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இதில் பொறியியல் சிக்கலைவிடச் செலவுப் பங்கீட்டுச் சிக்கலையே காண்கிறேன். குழாயின் செலவு சாலை அமைக்கும் உள்ளாட்சி அமைப்பைச் சேர்கிறது. பயனோ, பல ஆண்டுகள் கழித்து மின் பகிர்மானக் கழகத்துக்குக் கிடைக்கிறது. எனவே, எவருடைய மதிப்பீட்டிலும் குழாய் இடம்பெறுவதில்லை. சாலையை வெட்டுவோர் செலுத்தும் கட்டணம் ஒட்டுப்போடுவதற்கே சரியாகிவிடுகிறது. வணிகர்களின் இழப்பையும், சாலையின் ஆயுள் குறைவதையும் பொதுமக்கள் சுமக்கிறார்கள்.

நெறிமுறைகள் இல்லாமல் இல்லை. நகரச் சாலைகளில் இத்தகைய இணைப்புகளுக்கு இடம் ஒதுக்குவது குறித்து இந்திய சாலைகள் காங்கிரஸ் தனி வழிகாட்டுதலே வெளியிட்டுள்ளது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பொதுக் குழாய்த்தடங்களைப் பற்றிப் பேசுகிறது. தோண்டும் முன் தகவல் தரும் செயலியும் அதே ஆண்டில் அறிமுகமானது. ஆனால், அச்செயலி தோண்டுவோர் பிற வடங்களைச் சேதப்படுத்தாமல் காக்கலாமே தவிர, தோண்டும் தேவையை நீக்காது.

எல்லாத் தெருக்களிலும் உடனே புதைவடம் வேண்டும் என்று நான் கூறவில்லை. மேல்நிலைக் கம்பியைவிட அது பன்மடங்கு செலவு பிடிக்கும். சிற்றூர்களுக்கு அது இயலாது. கான்கிரீட் சாலைக்கான மதிப்பீட்டில், குறைந்தபட்சம் சாலையின் குறுக்கே செல்லும் வெற்றுக் குழாய்கள் கட்டாய இனமாக இடம்பெற வேண்டும். அவை இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தை ஒப்படைத்த பிறகே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகை வழங்கப்பட வேண்டும். நீளவாக்கிலும் குழாய் பதிக்கும் உள்ளாட்சி அமைப்புகள், தனித் தடத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டு முதலீட்டின் ஒரு பகுதியை மீட்கலாம்.

தளம் அமைக்கப்படும் ஒவ்வொரு தெருவிலும் இந்த வாய்ப்பு ஒருமுறைதான் வருகிறது. கான்கிரீட் இறுகிய பின் அதே பணிக்குப் பலமடங்கு செலவிட நேரும். அதுவும் மக்களின் வரிப்பணமே.