மலையின் மீது பழி, குழாயில் ஓட்டை

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு பழைய பெற்றோல் வாகனம் நின்ற இடத்தில் உதறி உதறி ஓடினால், அதற்கு இரண்டு பதில்கள் ஆயத்தமாக இருக்கின்றன. 'மேட்டுக்கு வந்தால் எஞ்சின் இப்படித்தான்' என்பது ஒன்று. 'காபரேட்டர் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்' என்பது மற்றது. முதலாவது ஒன்றும் செய்யாமல் விடச் சொல்கிறது. இரண்டாவது கையிலுள்ளதை எல்லாம் செலவழிக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே, வெடித்துப்போன ஒரு சாண் ரப்பர் குழாயோ தளர்ந்துபோன ஒரு கிளிப்போ யார் கண்ணிலும் படாமல் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கக்கூடும். கராஜ்களில் 'ஏர் லீக்' என்று சொல்லப்படும் இந்தக் கோளாறைத் திருத்த ஆகும் செலவு சொற்பம். நேரத்தைத் தின்பது அதைத் தேடுவதுதான். நாமோ மாட்டிய பாகத்துக்குக் காசு கொடுத்துப் பழகியவர்கள்; தேடியதற்குக் கூலி கொடுத்துப் பழகாதவர்கள். இந்தப் பழக்கம் எங்கும் நட்டம்தான். மலையகத்தில் நட்டம் இன்னும் கூடுதல், ஏனென்றால் இங்கே உயரமும் சேர்ந்து நோயை மறைக்கிறது.

ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஐட்லிங்கில் திரொட்டில் வால்வு கிட்டத்தட்ட மூடியே இருப்பதால், அதற்கு அப்பாலுள்ள இன்டேக் மெனிஃபோல்டில் அமுக்கம் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த இடத்தில் ஒரு கேஸ்கட் விலகியிருந்தாலும், குழாய் கீறியிருந்தாலும், காபரேட்டரின் கணக்கில் வராத காற்று புகுந்து கலவையை நீர்க்க வைக்கும். சில சிலிண்டர்கள் அவ்வப்போது பற்றாமலே போகும். மலை செய்வதோ இதற்கு நேர்மாறான வேலை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வளிமண்டல அமுக்கம் அங்கே கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் டியூன் செய்த காபரேட்டர் இந்த மெல்லிய காற்றுக்குத் தேவைக்கு மேல் பெற்றோலை விடும். ஆக, உயரம் கலவையைத் தடிக்க வைக்கிறது, லீக் நீர்க்க வைக்கிறது. ஒன்றின் குறையை மற்றது ஓரளவு மூடிவிடுவதால், சிறிய லீக் மேலே பதுங்கிக் கிடந்து, கினிகத்தேனை தாண்டி அவிசாவளைக்கு இறங்கும்போது தலைகாட்டலாம். மலைதான் குற்றவாளி என்றால், கீழே இறங்கியதும் வண்டி சீராக அல்லவா வேண்டும்?

உயரத்தால் எஞ்சினின் சக்தி குறைவது பொய்யா என்று கேட்கலாம். பொய்யல்ல. ஆனால் அந்தக் குறையின் அடையாளமே வேறு. உயரத்தால் வரும் தளர்ச்சி ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது தெரியும். காலையிலும் மாலையிலும் ஒரேமாதிரி இருக்கும். லீக்கோ நின்ற இடத்தில் உதறவைக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் அடங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருவிதமாகவும் சூடேறியபின் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். வெற்றிட மானியிலும் இந்த வேறுபாட்டைப் படிக்கலாம், இடத்துக்கேற்ற கணக்குத் தெரிந்திருந்தால். நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்ட வேண்டும் என்பது கடல்மட்டத்துக்கான கணக்கு. ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் கழிக்க வேண்டும். ஹட்டனில் நாலு, நுவரெலியாவில் ஆறு. முள் 14இல் அசையாமல் நின்றால் நுவரெலியாவில் அது ஆரோக்கியம்; அதே 14 கொழும்பில் நோய். கணக்கை மாற்றாமல் மானியைப் பார்ப்பவர் நல்ல எஞ்சினையும் பிரித்துப்போட்டுவிடுவார்.

கையில் மானி இல்லாவிட்டாலும் வழியிருக்கிறது. 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில் பெற்றோல் வாகனங்களுக்குக் காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கப்படுகின்றன. இரண்டும் கூடியிருந்தால் பெற்றோல் மிகுதி என்று சந்தேகிக்கலாம். காபன் மொனொக்சைட்டு குறைந்து ஐதரோகாபன் மட்டும் ஏறியிருந்தால் கலவை நீர்த்துப் பற்றாமல் போகிறது, லீக்கைத் தேடு என்று பொருள். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக மட்டும் எடுத்து மடித்து வைக்கும் தாளில் பாதி நோயறிக்கை இருக்கிறது. மீதிக்கு, ஒரு துண்டு ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகள்தோறும் நகர்த்தினால் 'உஸ்' என்ற ஓசை இடத்தைச் சொல்லும். வெற்றிடக் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்து, எதை நெரிக்கும்போது ஓட்டம் மாறுகிறதென்று கவனிக்கலாம். சந்தேகமான இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தும் பார்க்கலாம். தண்ணீருக்குப் பதில் பெற்றோலைத் தெளிப்பது நெருப்போடு விளையாடுவது. மொரிஸ் மைனர் போன்ற பல பழைய எஞ்சின்களில் இன்டேக்கும் கொதிக்கும் எக்ஸோஸ்டும் ஒரே பக்கத்தில் ஒட்டியே இருக்கின்றன.

கொஞ்சம் உதறினால் என்ன, ஓடும்வரை ஓடட்டும் என்பாரும் உண்டு. அவர்கள் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். சேர்வோ பிரேக் கால் மிதிக்குத் தரும் துணை, வெளிக் காற்றின் அமுக்கத்துக்கும் உள்ளிருக்கும் வெற்றிடத்துக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து வருகிறது. உயரத்தில் அந்த வேறுபாடு இயல்பாகவே குறைவு. சேர்வோவின் குழாயோ டயஃப்ரமோ ஒழுகினால் அதுவும் போய், றம்பொடை வளைவுகளில் மிதி கல்லாகிவிடும். டீசல் வேன்காரர்களும் இதில் தப்பவில்லை. அவற்றுள் பலவற்றில் வெற்றிடத்தைத் தருவது ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த பம்பு; அங்கே லீக் வந்தால் எஞ்சின் உதறிக்கூட எச்சரிக்காது. எஞ்சினை நிறுத்தி, மிதியைச் சில தடவை அமுக்கி, அமுக்கியபடியே மீண்டும் ஸ்டார்ட் செய்தால் மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை இறக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

வலுவான மறுப்பு கராஜ் பக்கத்திலிருந்து வரும். ஒரு மணி நேரம் தேடிவிட்டுப் பத்து அங்குலக் குழாய்க்கு மட்டும் பில் போட்டால் பாஸ் எப்படிப் பிழைப்பார்? நியாயமான கேள்வி. பாகத்தை மாற்றினால் காசு, தேடினால் பட்டினி என்ற ஏற்பாட்டில் பாகம்தான் மாறும். அதற்கு அவரைமட்டும் குறைசொல்ல முடியாது. பழைய வண்டியை விற்றுத் தொலைக்கலாமே என்பதும் எளிதில் சொல்லிவிடக்கூடிய யோசனைதான். 2020 மார்ச்சில் வந்த இறக்குமதித் தடை தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் நீங்கியது. அதன்பிறகும் புதிய வாகனத்தின் விலை தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு எட்டும் உயரத்தில் இல்லை. பழையவை இன்னும் பல காலம் ஓடத்தான் போகின்றன. 2022 ஓகஸ்டில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று வரிசையில் நின்ற மாவட்டம் இது. ஒழுகும் குழாயால் வீணாகும் பெற்றோலின் அருமையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. பில்லில் 'பரிசோதனைக் கூலி' என்று ஒரு தனி வரி இருக்கட்டும். ஒன்றும் மாற்றாமல் குறையைக் கண்டுபிடித்தாலும் அதை முகம் சுளிக்காமல் கொடுப்போம். மலையகத்துத் தொழிற்பயிற்சி நிலையங்கள் வெற்றிட மானியைக் கற்பிக்கும்போது கொழும்பின் எண்ணோடு நிறுத்தாமல் ஹட்டனின் எண்ணையும் நுவரெலியாவின் எண்ணையும் கரும்பலகையில் எழுதட்டும். காபரேட்டரை மாற்றச் சொன்னால், குழாய்களை நெரித்துப் பார்த்தாயிற்றா என்று ஒரு கேள்வி கேட்ட பிறகு மாற்றுவோம்.