பெயர் எழுதப்படாத தூரிகைகள்

ஒகேனக்கல் என்னும் பெயருக்குக் கன்னடத்தில் ‘புகையும் பாறை’ என்பது பொருள். பாறையில் மோதிச் சிதறும் காவிரி நீர் புகைபோல் எழுந்து நிற்பதால் வந்த பெயர் அது. காலை வெயிலில் அந்தப் புகைக்கு ஒரு நிறம். நண்பகலில் வேறொரு நிறம். அந்திப் பொழுதில் மற்றொன்று. இவ்வாறு கணந்தோறும் மாறும் ஒளியை வண்ணத்தில் பிடித்துவிட முயன்ற ஓவியர் குழு ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் தோன்றியது. ‘இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று உலகம் அவர்களை அழைக்கிறது. மோனே, ரெனுவார், தெகா ஆகியோரின் பெயர்களைக் கலை நூல்கள் யாவும் கூறும். அவர்களோடு நின்று தூரிகை பிடித்த பெண்களின் பெயர்களை அறிந்தோர் நம்மில் எத்தனை பேர்?

பெர்த் மொரிசோ என்னும் பெண்மணி 1874இல் நடந்த முதற் கண்காட்சியிலேயே இடம்பெற்றவர். 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் பங்கு கொண்டவர். மகள் பிறந்ததை அடுத்து வந்த ஒன்றில் மட்டுமே அவர் இல்லை. உறங்கும் மகவை ஒரு தாய் அருகிருந்து நோக்குவதாக அவர் தீட்டிய ‘தொட்டில்’ என்னும் ஓவியத்தை இன்றும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் காணலாம். அத்தகையவர் 1895இல் மறைந்தபோது, இறப்புச் சான்றிதழில் ‘தொழில் ஏதுமில்லை’ என்று எழுதினார்கள்!

மரி பிராக்மோன் என்பவரின் வரலாறு இதனினும் வருந்தத்தக்கது. அவருடைய கணவரும் கலைஞரே. ஆயினும் மனைவி மேற்கொண்ட புதிய பாணி அவருக்கு உவப்பாயில்லை. இல்லத்தில் மனக்கசப்பு ஓயாததால், 1890ஆம் ஆண்டளவில் அந்த அம்மையார் தூரிகையை ஏறக்குறைய வைத்தேவிட்டார். அதன்பின் 1916 வரை உயிர் வாழ்ந்தார்.

அயல்நாட்டுக் கதைதானே என்று இதை ஒதுக்கிவிடலாகாது. மக்தூம்களின் கல்விப் பெருமையால் நாமெல்லாம் அறிந்த பொன்னானிக்கு அருகில் 1940இல் பிறந்தவர் டி.கே. பத்மினி. இளமையில் தந்தையை இழந்த அவரை, திறமை அறிந்து ஆதரித்தவர் அவருடைய மாமன். சென்னை அரசினர் கலைப் பள்ளிக்கு வந்து, கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்று, பெண்களையும் ஊர்ப்புறக் காட்சிகளையும் தமக்கே உரிய பாணியில் தீட்டினார். 1969இல், 29 வயது நிறைவதற்குள், பிரசவத்தின்போது மறைந்தார். ஆசிரியர் பணிக்கரை அறிந்த அளவுக்கு இந்த மாணவியைத் தமிழகம் அறியவில்லை.

இம்மூவரிடமும் திறமைக்குக் குறைவில்லை. பாரிஸ் நகரின் அரசுக் கலைப் பள்ளி 1897 வரை பெண்களுக்குக் கதவைத் திறக்கவேயில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைவிட வலிமையுள்ள கதவு ஒன்று உண்டு. அது வீட்டுக் கதவு. மொரிசோவுக்குக் கணவர் துணை நின்றார். பத்மினிக்கு மாமன் துணை நின்றார். துணை கிட்டாத பிராக்மோனின் கை ஓய்ந்தது.

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி நம் மார்க்க அறிஞர்கள் பேசியிருப்பது தனியே ஆராய வேண்டியது. எழுத்தணிக்கும் பூவேலைக்கும் நெசவுக்கும் தடை சொல்வார் யார்? அவற்றிலாவது நம் பெண்களின் பெயரைக் காத்தோமா? பத்தமடைப் பாயின் புகழை எல்லோரும் அறிவர். அதை நெய்யும் கைகளில் பல நம் முஸ்லிம் பெண்களின் கைகள். பாய்க்கு ஊரின் பெயர் நிலைத்தது. நெய்தவளின் பெயர் எங்கே?

பெற்றோர்களே! உங்கள் மகள் ஒரு தாளில் கொடியும் மலரும் வரைந்தால், அல்லது ஒரு துணியில் பூத்தையல் இட்டால், அதன் பின்புறத்தில் அவள் பெயரையும் தேதியையும் எழுதச் செய்யுங்கள். பழைய தாள்களோடு அதை எடைக்குப் போடாமல் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். அவள் மணமாகிச் செல்லும் நாளில் நகைப் பெட்டியோடு அந்தப் பெட்டியும் செல்லட்டும். மருமகளாக வருபவள் அப்படி ஒன்றைக் கொண்டு வந்தால், அதைத் திறந்து பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை அவளுக்கென விட்டுக்கொடுங்கள். ‘தொழில் ஏதுமில்லை’ என்று எவரும் அவளைப்பற்றி எழுதும் நிலை வராமல் இருக்கட்டும்.